சத்தம் கூடாத அறை

பொங்கலூர்
6.9.2024

நங்கைக்கு,

அனுப்பிரியா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், தெரியும். அப்படியே எடுத்தாலும் நாம் இருவரும் கத்தத்தான் போகிறோம். அதற்குக் காகிதமே மேல்.

உங்கள் வேன் ஓட்டும் ஜெபக்குமாரை இங்கே பேக்கரியில் பார்த்தேன். வெட்டிய பனியன் துணிகளைத் தைக்கக் கொடுக்கப் பொங்கலூர் வரை வருகிறாராம். "சாரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சுக்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். கூடப்பிறந்த அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதை வேன் டிரைவர் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை எனக்கு. போகட்டும்.

இப்போது நாத்தனாராக எழுதவில்லை. நர்ஸாக எழுதுகிறேன். அண்ணனைச் சேர்த்திருந்த அந்தக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லடத்தில் வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறேன். இங்கேயும் தலைக்காய வார்டுதான். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

மண்டையோடு விரிந்துகொடுக்காது. உள்ளே ரத்தமோ நீரோ வீக்கமோ கொஞ்சம் கூடினாலும் நசுங்குவது மூளைதான். அண்ணனுக்கு ரத்தக்கட்டை எடுத்த பிறகு நீர் சேர ஆரம்பித்ததால், அதை வடிக்கத் தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியே வையுங்கள். கழுத்து நேராக இருக்கட்டும், ஒரு பக்கமாகத் தொங்கவிடாதீர்கள். மலச்சிக்கல் வரவே கூடாது, முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கம்பெனி வேலையைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அவரை ஓயவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம் கூடாது. கூட்டம் கூடாது.

கூட்டத்தால் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வண்டியில் வழுக்கி விழுந்து தலைக்குள் சின்னக் கசிவோடு வந்தவர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். யாரையும் விடாதீர்கள் என்று உங்களிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் டியூட்டி முடிந்து கிளம்பினேன். நான் பஸ் ஏறுவதற்குள் ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவையும் உள்ளே விட்டீர்கள். அவரும் ஒவ்வொருவருக்காகவும் எழுந்து எழுந்து உட்கார்ந்து "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் ஒரு கண்ணில் மட்டும் பாப்பா விரிந்துவிட்டது, மூளை நசுங்குவதன் அடையாளம். உடனே ஆபரேஷன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மறுபடி அப்படி ஆகக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அனு

*

சேவூர்
11.9.2024

அனுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அவர் உடம்பைப் பற்றி எழுதியிருப்பதால் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அண்ணன் பொண்டாட்டி என்று முறை வைத்து நங்கை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில், எங்கள் அப்பா, சித்தப்பா, கம்பெனி ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, "நீங்கதான் எங்கண்ணனக் கொன்னீங்க" என்று கத்தினாயே, அப்போது நான் உனக்கு என்ன முறை? அவர் சாகவில்லை. நான் மட்டும் அந்த இடத்திலேயே இருக்கிறேன். போனில் உன் குரல் கேட்டால் அந்த வார்த்தைதான் காதில் விழும். அதனால்தான் எடுப்பதில்லை.

நான் யாரையும் வேண்டுமென்று உள்ளே விடவில்லை. ஊத்துக்குளியிலிருந்து எங்கள் அப்பா வெயிலில் வந்து வெளியே நின்றிருந்தார். கட்டிலில் இருந்த உன் அண்ணனுக்குக் கதவு வழியாக அது தெரிந்துவிட்டது. "வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சுப் பேசறதா? உள்ள கூப்புடு அம்மிணி" என்று என்னைத்தான் வைதார். உன் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியாதா? கம்பெனிக்குப் பட்டன் விற்க வருகிறவனைக்கூட எழுந்து நின்று வாங்க என்று சொல்லுகிறவர். நம்மிடம் தைக்க வந்த ஒடிசாப் பையன்கள் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தையே அதுதான். ஒருமுறை யாரோ ஒரு கல்யாணத்தில் வாங்க என்று சொல்லாமல் விட்டதற்காக எட்டு வருஷமாகப் பேசாமலிருக்கிற சொந்தமும் நமக்கு இருக்கிறது. அப்படி வளர்ந்த ஊரில் நான் மட்டும் எப்படிக் கதவைச் சாத்துவேன்? வந்தவர்களை அவர் வாங்க என்று சரியாகக் கேட்டதைப் பார்த்துவிட்டு, "நல்லா தெளிவா இருக்காரு" என்று உன்னோடு வேலை பார்த்த நர்ஸும்தானே சொன்னாள்.

இனி உன் வாய்க்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். நீ சொல்வதற்கு முன்பே எல்லாம் செய்தாகிவிட்டது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் தையல் மிஷின்களை நிறுத்திவிட்டேன். அதனால்தான் துணி பொங்கலூருக்கு வருகிறது. நம் பிள்ளை தேஜஸ்ரீ குதிப்பாள், பாடுவாள் என்று அவளை என் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். ஜன்னலுக்குக் கனத்த திரை. கொலுசு, வளையல் இரண்டையும் கழற்றிவிட்டேன். அறைக்குள் போனால் வாயைத் திறப்பதில்லை. சோறு ஊட்டுவதும் துடைப்பதும் எல்லாம் சத்தமில்லாமல்தான். இனிமேல் அவருக்கு ஒன்று ஆனால் என் பேச்சால் ஆனது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பேசுவது ஒரே வார்த்தைதான். நான் உள்ளே போனால் வாங்க என்கிறார். கட்டிக்கொண்டவளுக்கு வாங்க. தண்ணீர் கொண்டுபோனாலும் வாங்க, துணி மாற்றப் போனாலும் வாங்க. என்னைத் தெரியவில்லையா, தெரிந்தே கோபத்தில் என்னை மூன்றாம் மனுஷியாக்குகிறாரா? நர்ஸாக எழுதுகிறேன் என்றாயே, இதற்குப் பதில் எழுது. எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

என் வாசப்படி மட்டும் ஏறாதே.

பூங்குழலி

*

பொங்கலூர்
13.9.2024

நங்கைக்கு,

நான் கத்தியது தப்பான இடம். அதைச் சொல்ல ஒரு தனிக் கடிதம் எழுதிப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. அதனால் கேட்டதற்கு மட்டும் பதில்.

மூளையில் அடி பட்டவர்களுக்குப் புதுப் பேச்சு வராது. வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை மட்டும் தானாக வரும். எங்கள் வார்டில் ஒரு பஸ் கண்டக்டர் ஊசி போடப் போனால் "சில்லறை இருக்குதா?" என்பார். அண்ணன் வாங்க என்கிறார். அதில் கோபமும் இல்லை, தெளிவும் இல்லை. அன்றைக்கு ஏமாந்ததும் அதில்தான். வந்தவரை வாங்க என்று கேட்பதற்கு மூளை வேலை செய்யவே வேண்டாம், நம் ஊர் ஆட்களுக்கு. அந்த நர்ஸ் திருநெல்வேலிப் பக்கம், அவளுக்கு இது தெரிய நியாயமில்லை. பேர் என்ன, இது எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று கேட்டிருக்க வேண்டும். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

மிஷினை நிறுத்தியதும் தேஜுவை அனுப்பியதும் நல்லதுதான். மற்றதிலும் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறை அமைதியாகவே இருக்கட்டும்.

காலையில் வாந்தி எடுக்கிறாரா? தூக்கம் கூடுகிறதா? இந்த இரண்டும் வந்தால் தாமதிக்காதீர்கள். குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அனு

*

சேவூர்
27.9.2024

அனுவுக்கு,

வாந்தி இல்லை. தூக்கம் முன்பு போலத்தான்.

கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்கிறாய். கேட்பதென்றால் பேச வேண்டும். சத்தம் கூடாது என்றும் நீயே சொல்கிறாய். நான் எதைக் கேட்பது? யோசித்து, தேஜுவின் சிலேட்டில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். சிலேட்டைப் பார்த்து வாங்க என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில நாள் வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். நான் இல்லாதபோதும் அவர் வாங்க என்கிறார்.

முதலில் சமையலறையில் இருந்தபோது கேட்டது. யாரோ ஒறம்பரை வந்துவிட்டார்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஒருவரும் இல்லை. திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் திரைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தினமும். காற்று வந்தாலும் வாங்க, பல்லி கத்தினாலும் வாங்க. நடுமத்தியானத்தில் தெருவே அடங்கிக் கிடக்கும்போது உள்ளேயிருந்து "வாங்க, உக்காருங்க" என்று குரல் வரும் பார், அப்போது என் உடம்பில் முடியெல்லாம் எழுந்துவிடும். போய் எட்டிப் பார்ப்பேன். முகத்தில் சிரிப்பு இருக்கும். வந்தவரைக் கேட்கும்போது அவர் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

போன வெள்ளிக்கிழமை "எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தார். எனக்கென்னவோ உங்கள் அப்பாதான் வருகிறார் என்று தோன்றுகிறது. உயிரோடு இருந்தபோதும் மாமன் அந்த நேரத்துக்குத்தான் காட்டு வேலை முடித்து வீடு வருவார். திரைக்குப் பக்கத்தில் ஒரு சேர் போட்டிருக்கிறேன். சொம்பில் தண்ணீர் வைக்கிறேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விடக் கூடாதில்லையா? சிரிக்காதே. அந்த அறையில் என்னைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் யாரோடோ நன்றாகத்தான் இருக்கிறார். நான்தான் வாயைக் கட்டிக்கொண்டு கால் சத்தம் கேட்காமல் வந்து போகிறேன்.

பூங்குழலி

*

பொங்கலூர்
29.9.2024

நங்கைக்கு,

சிரிக்கவில்லை. பயந்துபோய்விட்டேன். முதலில் அந்தச் சேரை எடுங்கள்.

அப்பா வரவில்லை. அப்பாவை நானும் நீங்களும் சேர்ந்துதானே வழியனுப்பினோம். இல்லாத ஆளைப் பார்ப்பதும் பேசுவதும் மூளை படுகிற பாடு. அழுத்தம் கூடினால் இப்படியும் வரும். அவரை உடனே கோயம்புத்தூர் கூட்டிப்போய் ஸ்கேன் எடுங்கள். அடுத்த மாதம்தான் வரச் சொன்னார்கள் என்று காத்திருக்காதீர்கள். நான் கூட வர வேண்டாம் என்றால் வரவில்லை, ஜெபக்குமார் வண்டி ஓட்டினால் போதும். எந்த டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

எனக்கும் ஒன்று நடக்கிறது. வார்டில் ஒவ்வொரு கட்டிலின் திரையை விலக்கும்போதும் உள்ளேயிருந்து வாங்க என்று குரல் வரப்போகிறது என்று நின்றுவிடுகிறேன். நினைவில்லாமல் கிடக்கிறவர் கட்டிலிலும் அப்படித்தான். ரோஸ்மேரி என்று இங்கே என்னோடு வேலை பார்க்கிறவள், "என்னட்டி, கதவத் தட்டிட்டுப் போற மாதிரி நிக்க?" என்று கேட்டுவிட்டாள். அதனால் உங்களைப் பைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேரை எடுங்கள். செத்தவர்களுக்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டு உயிரோடு இருக்கிறவரைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள்.

அனு

*

சேவூர்
14.10.2024

அனுவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. சேரை எடு, சேரை எடு என்று அதட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூர் போகவும் இல்லை. அவரை அசைத்து, வண்டியில் குலுக்கி, வழியில் ஒன்று ஆகிவிட்டால் அதற்கும் நான்தானே கொன்றவள்?

இப்போது அதையெல்லாம் பேச நேரமில்லை. ஆயுத பூஜைக்கு ஷெட்டைத் திறந்து மிஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, விபூதி கொண்டுபோனேன். வாங்க என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "வாரனுங்க" என்றார். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. கொஞ்சம் பொறுத்து மறுபடி, "இதோ வாரனுங்க". அன்றிலிருந்து அது மட்டும்தான். நாளெல்லாம் தூக்கம். எழுப்பினால் முனகிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறார். நேற்றுக் காலையில் வாந்தி எடுத்தார். இன்றைக்கும் எடுத்தார். நீ எழுதியது ஞாபகம் இருந்தது. ஆனால் அவரே கிளம்பிவிட்ட பிறகு குழாயைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

பெரிய மாமன் குருசாமி வந்து பார்த்தார். "கூப்புட ஆள் வந்தாச்சு அம்மிணி. இனிக் கட்டல்ல வெச்சு இழுபறியா உடக் கூடாது, கீழ எறக்கிப் போடோணும்" என்றார். ஊரில் சொல்லிவிட்டார்கள். முன்வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்காலம் தலையணையெல்லாம் எடுத்துவிட்டுத் தரையில் தெற்கே தலை வைத்துப் படுக்க வைக்கப்போகிறோம். அப்புறம் எல்லாரும் ஒவ்வொருவராகப் பால் ஊற்றுவார்கள்.

உன்னைக் கூப்பிடாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். வாசப்படி ஏறாதே என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கூடப்பிறந்தவள் கையால் இரண்டு சொட்டுப் பால் போகட்டும். ஜெபக்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த வண்டியிலேயே வந்துவிடு.

அவர் கடைசிவரை என்னைத் தெரிந்துகொள்ளவில்லை அனு. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பூங்குழலி

*

சேவூர், நம் தெருமுனை
14.10.2024

நங்கை,

நான் வந்துவிட்டேன். வேனுக்குள் உட்கார்ந்து துணி மூட்டை மேல் வைத்து எழுதுகிறேன். பால் ஊற்ற வரவில்லை.

அவர் கிளம்பவில்லை. குழாய் அடைத்திருக்கிறது. தூக்கம், வாந்தி, எல்லாம் அதுதான். இப்போது ஆபரேஷன் செய்தால் பிழைப்பார். தலையணையை எடுத்துத் தரையில் மட்டமாகப் போட்டால் தலைக்குள் அழுத்தம் இன்னும் ஏறும். விழுங்கத் தெரியாமல் கிடக்கிறவர் வாயில் பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். பெரிய மாமன் நல்லவர்தான். ஆனால் அவர்கள் எல்லாரும் சேர்ந்து அன்போடு அவரைக் கொல்லப்போகிறார்கள். இந்த முறை நான் கத்த மாட்டேன். கத்தினால் என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள், அவரும் போய்விடுவார்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், அவிநாசியிலிருந்து வருகிறது. அவரை எடுத்துப்போங்கள் என்று சொல்லும் உரிமை அந்த வீட்டில் உங்கள் ஒருவருக்குத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னால் யாரும் மறிக்க முடியாது.

இதைப் படித்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். கட்டிலின் தலைமாடு இறங்கியிருந்தால் ஏற்றுங்கள். ஒருவரையும் உள்ளே விடாதீர்கள். யார் வந்தாலும் வாங்க என்று சொல்லாதீர்கள். வழியில் ஏதாவது ஆனால் நான்தான் கொன்றேன் என்று ஊர் முன்னால் நானே சொல்கிறேன்.

அனு

*

(அதே தாளின் பின்புறம்)

கதவைச் சாத்திவிட்டேன். அப்பாவும் பெரிய மாமனும் வெளியே நின்று தட்டுகிறார்கள். நான் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக இதை ஜெபக்குமாரிடம் கொடுக்கிறேன். கொல்லைப் பக்கம் வா, ஷெட் வழியாக. ஆம்புலன்ஸையும் அங்கேயே வரச் சொல். சீக்கிரம் வா.

*

பொங்கலூர்
22.10.2024

நங்கைக்கு,

ஐ.சி.யூ. வாசலில் உங்களை விட்டுவிட்டு வந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. லீவு தீர்ந்துவிட்டது, வேறு வழியில்லாமல்தான் வந்தேன். குழாயை மாற்றிய பிறகு கண்ணைத் திறக்கிறார், கையை அழுத்தச் சொன்னால் அழுத்துகிறார் என்று ரோஸ்மேரியின் தோழி அங்கிருந்து சொன்னாள். டாக்டர் என்னிடம் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். பழைய குழாய் ஒரேயடியாக அடைத்ததில்லையாம். வீட்டுக்கு வந்த புதிதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அழுத்தம் அத்தனை நாளும் மெதுவாக ஏறியிருக்கிறது.

பெரிய மாமன் என்னோடு பேச மாட்டார். உங்கள் அப்பாவும் கோபத்தில் இருப்பார். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்களை மகளே வெளியே நிற்க வைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சாம். ஜெபக்குமார் சொன்னார். அந்தப் பேச்சில் எனக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும், எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. ஆம்புலன்ஸில் நான் அவரை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டபோது, "பேசலாமா? நாம பேசுனா ஒண்ணும் ஆகாதா?" என்று என் கையைப் பிடித்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் அந்த அறையில் இத்தனை நாளும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் சத்தம் கூடாது என்றது கூட்டத்தை, மிஷினை, ஆளாளுக்கு வந்து உலுக்குவதை. உங்கள் குரலை இல்லை. வீட்டு ஆட்கள் காதோரம் மெதுவாகப் பேசினால் நோயாளி அடங்குவார் என்றுதான் எங்களுக்குப் பாடமே. வாயைத் திறப்பதில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சண்டைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்துப் படித்துவிட்டுப் போனேன்.

பேசுங்கள் நங்கை. வாய் வலிக்கப் பேசுங்கள்.

அனு

*

கோயம்புத்தூர்
4.11.2024

அனுக்கண்ணுக்கு,

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். நீயும் நாலைந்து முறை கூப்பிட்டாய். "நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் பழையபடி காகிதத்தை எடுத்தேன். ஜெபக்குமார் இன்று சாப்பாடு கொண்டுவருவார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளியன்று வார்டுக்கு மாற்றினார்கள், அதுவரை என்னை உள்ளே விடவில்லை. ஊரெல்லாம் வெடி. அவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டு, "வாங்க" என்றார். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. இத்தனை செய்தும் மறுபடி அதே வார்த்தையா என்று. அப்புறம் நீ எழுதியது ஞாபகம் வந்தது. காதோரம் குனிந்து, "ஏனுங்க மாமா, நானுங்க, பூங்குழலி" என்றேன். அவரிடம் ரொம்ப நாள் பேசாததால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். அப்புறம் காற்றில் கையைத் துழாவினார். நான் கையைக் கொடுத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எப்ப வந்தே?" என்றார்.

"நான் எங்கீங்க போனேன்? இங்கதானுங்க இருக்கறேன்."

"ஊத்துக்குளிக்குப் போயிட்டீன்னு நெனச்சேன். ஊட்டுல உன்ற சத்தத்தையே காணோம். புள்ள சத்தமும் இல்ல. கோவிச்சுட்டுப் போயிட்டே போலன்னு இருந்தேன்."

அவரே நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததிலிருந்தே கண் மங்கிக்கொண்டு வந்ததாம். முதலில் ஆள் மாதிரி தெரிந்ததாம், அப்புறம் நிழல், அப்புறம் அதுவும் இல்லை. தலை கனத்துக் கிடந்ததில் பகலா இரவா என்றும் தெரியாது. "யாரோ வருவாங்க, சோறு ஊட்டுவாங்க, தொடச்சு உடுவாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாங்க. ஊட்டுக்கு வந்து இத்தன செய்யறவங்கள வாங்கன்னு கேக்காம இருந்தா நல்லாருக்குமா?" என்றார். திரை ஆடினால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாங்க. பல்லி கத்தினால், ஒருவேளை ஆளாயிருந்துவிட்டால் என்று வாங்க. சொல்லாமல் விட்டு, வந்தவர் மனம் நோகக் கூடாது என்று.

நான் சேர் போட்டதும் தண்ணீர் வைத்ததும் யாருக்கு அனு? அந்த அறைக்கு வந்துபோனது நான் ஒருத்திதான்.

மறுநாள் கண் டாக்டர் வந்து பார்த்தார். தலைக்குள் இருந்த அழுத்தத்தில் கண் நரம்பு கெட்டிருக்கிறது என்கிறார். வெளிச்சம் இருட்டு தெரியலாம், அதற்கு மேல் வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். முன்பே தெரிந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

"வாரனுங்க, வாரனுங்கன்னு யாருகிட்டச் சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி நானும் கேட்க மாட்டேன்.

நேற்று மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "கண்ணு தெரியலீன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க? அன்னிக்கே ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருப்பனே. ஒரே ஒரு வார்த்தைங்க."

"வந்தவங்ககிட்டப் போயி அதையெல்லாம் சொல்லுவாங்களா? சங்கடப்பட்டுப் போயிருவாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "நீதான்னு தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பேன் அம்மிணி."

பூங்குழலி